மதிப்பெண் ஏடு யாருடையது?

நம் வளாகத்துத் தமிழ் நண்பர்களுள் பெரும்பாலோர் பதினெட்டு வயது நிரம்பும் முன்னரே ‘கல்லூரி’ என்று பெயர் எழுதிய ஒரு வாயிலுக்குள் நுழைந்தவர்கள். நான் நுழைந்தபோது எனக்கு வயது பதினைந்தரை. மீசை அரும்பவில்லை, ‘காலேஜ் ஸ்டூடண்ட்’ என்று சொல்லிக்கொள்ளும் பெருமை மட்டும் அரும்பியிருந்தது. ஆந்திரத்தில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடுகிறது. அடுத்த இரண்டாண்டு இண்டர்மீடியட் படிப்பு ஜூனியர் கல்லூரியைச் சேர்ந்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த இண்டர்மீடியட் கல்வி வாரியத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. பாலிடெக்னிக்கில் சேருவோரும் அதே வயதினரே. 2008-இல் தோன்றிய ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமோ, பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளையை நேரே ஆறாண்டுப் படிப்பில் சேர்த்துப் பல்கலைக்கழக மாணவனாகவே ஆக்கிவிடுகிறது. இடுபுலபாயாவில் போய்ப் பார்த்தால், வீட்டை நினைத்து இரவில் அழுகின்ற ‘பல்கலைக்கழக மாணவர்கள்’ எத்தனை பேர் என்பது தெரியும்!

எல்லையைத் தாண்டினால் கதை வேறு. 1960 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை இராச்சியத்தோடு சேர்ந்த திருத்தணி, எங்கள் நகரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. என் பெரியம்மாவின் மகன் அங்கே இருக்கிறான். அவனுக்கும் எனக்கும் மூன்று மாதமே வயது வேறுபாடு. நான் கல்லூரி மாணவனாகத் திருப்பதிப் பேருந்தில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டாண்டும் அவன் மேல்நிலைப் பள்ளி மாணவனாகச் சீருடை அணிந்து, மாதந்தோறும் முன்னேற்ற அறிக்கையில் பெரியப்பாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டிருந்தான். (சில மாதங்களில் அவனே போட்டுக்கொண்டான் என்பது எனக்குத் தெரியும், அது வேறு கதை.) ஒரே வயது, ஒரே குடும்பம். ஒருவனுடைய ஏட்டைத் தந்தை பார்ப்பது இயல்பு என்று எல்லோரும் கொள்கின்றனர். மற்றவனுடைய ஏட்டை யார் பார்க்கலாம் என்பதோ யாரும் கேட்டுப் பாராத கேள்வி. அதைத்தான் இங்கே கேட்க விரும்புகிறேன்.

என் அனுபவம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. நைனா என்றுதான் அழைப்போம். தமிழ் நன்றாகப் படிப்பார். தெலுங்கு பேசுவார், படிக்கத் தெரியாது. ஆங்கிலம் அறவே தெரியாது. நான் சேர்ந்த இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் முற்பகல் அவருடைய கைபேசிக்குக் கல்லூரியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. தறியை நிறுத்திவிட்டுத் தெருமுனையிலிருந்த ரீசார்ஜ் கடைக்கு அதை எடுத்துச் சென்றிருக்கிறார். கடைப் பையன் படித்துப் பார்த்து, “மாமா, உங்க வார்டு இன்னிக்கி ஆப்சென்ட்டுன்னு போட்டிருக்கு” என்று சொல்லியிருக்கிறான். நைனாவுக்குத் தெரிந்த வார்டு ஒன்றே ஒன்று: ஆஸ்பத்திரி வார்டு. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எண்ணி, லுங்கியோடும் பஞ்சு ஒட்டிய சட்டையோடும் புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பேருந்து ஏறிவிட்டார். வந்து பார்த்தால் நான் வேதியியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். வருகை எடுத்தவர் என் வரிசை எண்ணுக்கு அடுத்த எண்ணைக் குறிப்பதற்குப் பதில் என் எண்ணைக் குறித்துவிட்டார், அவ்வளவுதான். சன்னலுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்த நைனா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய கூலி போயிற்று. மாலையில் நான் ஊர் திரும்பியபோது, நான் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டேன் என்ற செய்தி ரீசார்ஜ் கடையிலிருந்து புறப்பட்டு எங்கள் தெரு முழுவதும் பரவியிருந்தது. பொய்ச் செய்தி பரவிய வேகத்தில் திருத்தம் பரவியதே இல்லை.

நான் உத்தமன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு உண்மையிலேயே பல நாள் மட்டம் போட்டேன். அப்போது செய்தி எதுவும் வரவில்லை; அந்த ஏற்பாடே நின்று போயிருந்தது. தேர்வுக் கட்டணம் கட்டும் வேளையில் வருகை போதாது என்று சொன்னபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அன்று நைனா கேட்டது ஒரே கேள்வி: “முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?” அந்தக் கேள்விக்கும் எனக்கு இன்றுவரை விடை இல்லை. ஆகவே பெற்றோர் பதிவேட்டைப் பார்க்கக் கூடாது என்று வாதிட வந்தவனாக என்னைக் கருத வேண்டாம்.

இவ்விஷயத்தில் அமெரிக்கர் ஒரு கோடு கிழித்திருக்கின்றனர். அங்கே 1974-இல் இயற்றப்பட்ட குடும்பக் கல்வி உரிமைகள், அந்தரங்கச் சட்டத்தின்படி, பள்ளிப் பிள்ளையின் ஏட்டைப் பார்க்கும் உரிமை பெற்றோருடையது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனாலும் சரி, அதற்கு முன்பே உயர்நிலைப் பள்ளிக்கு மேற்பட்ட நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாலும் சரி, அந்த உரிமை அப்படியே பிள்ளைக்கு மாறிவிடுகிறது. அங்கு ‘கம்யூனிட்டி காலேஜ்’ எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியில் பதினாறு வயதுப் பையன் சேர்ந்தால், சேர்ந்த நாள் முதல் ஏட்டின் உரிமையாளன் அவனே. தந்தையே கேட்டு வந்தாலும், “உங்கள் மகனின் கையொப்பம் எங்கே?” என்று கல்லூரி திருப்பிக் கேட்கலாம். ஆனால் கோட்டில் சில சந்துகளும் உண்டு. வருமான வரிக் கணக்கில் அப்பிள்ளை பெற்றோரைச் சார்ந்தவன் எனக் காட்டப்பட்டிருந்தால் கல்லூரி விரும்பினால் ஏட்டைக் காட்டலாம். காட்டியே தீர வேண்டும் என்பதில்லை. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் சொல்லலாம். பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரே சமயத்தில் படிப்பவனாயின், கல்லூரி பள்ளிக்கு அனுப்பிய ஏட்டைப் பெற்றோர் பள்ளியில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முன்வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தாற்போல் இருக்கிறது என்று நகைக்கத் தோன்றும். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையும், அவனுடைய தந்தையும், கல்லூரி எழுத்தரும் தத்தம் உரிமை எதுவரை என்பதை அங்கே அறிந்துகொள்ள முடிகிறது.

நம் நாட்டில்? கல்விப் பதிவேட்டுக்கென்று அத்தகைய தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 1875-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டம் பதினெட்டு என்று வயதைச் சொல்லும். பள்ளியா கல்லூரியா என்று அது கேட்பதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அதன் பின் 2023-இல் கணினி வழித் தனிநபர் தகவல்களைக் காக்கும் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடப்புக்கு வருவதற்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்திருக்கின்றனர். அச்சட்டம் பதினெட்டு நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. தகவலுக்கு உரியவர் யார் என்று விளக்குமிடத்தில், குழந்தையாயின் அதன் பெற்றோரும் அச்சொல்லில் அடங்குவர் என்கிறது. குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தையின் நலத்துக்குத் தீங்கு தரும் வகையில் கையாளக் கூடாது என்றும் விதிக்கிறது. பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணிப்பதற்குப் பொதுவாகத் தடை போட்டுவிட்டு, கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் என்றால் கல்வி நிலையங்களுக்கு விலக்கும் தருகிறது.

ஆக, அமெரிக்கர் பதினாறு வயதுக் கல்லூரி மாணவனைப் பெரியவன் என்கின்றனர். நாம் பதினேழே முக்கால் வயதுக்காரனையும் குழந்தை என்கிறோம். இரண்டுமே எனக்கு முழு நிறைவு தரவில்லை. பிறந்த நாளன்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குக் குழந்தை பெரியவனாகி, நேற்றுவரை எல்லாவற்றையும் பார்த்த தந்தை இன்று எதையும் பார்க்கக் கூடாதவர் ஆகிவிடுகிறார் என்றால், அது காகிதத்தில் மட்டும் நடக்கும் அதிசயம். நம் வீடுகளில் நடப்பதில்லை.

பெற்றோர் தரப்பில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? தறி ஓட்டியும், மாந்தோப்பில் காய் பறித்தும், பால் கறந்து ஊற்றியும் அனுப்பிய பணத்தில் நாம் படிக்கிறோம். வீட்டில் முதன்முதல் கல்லூரிப் படி ஏறியவர் நம்மில் எத்தனையோ பேர். அந்தப் பெற்றோருக்குக் கல்லூரி என்பது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரு கோட்டை. மதிப்பெண்ணும் வருகையும்தான் அதில் அவர்களுக்கு இருக்கும் ஒரே சாளரம்.

அரசாங்கமும் அந்தச் சாளரத்தில் அவர்களைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது. 2020 சனவரி 9-ஆம் நாள் நம் சித்தூரில்தான் ‘அம்ம ஒடி’ திட்டம் தொடங்கப்பட்டது. முதல் வகுப்பு முதல் இண்டர்மீடியட் வரை பிள்ளையைப் படிக்க வைக்கும் ஏழைத் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். பிள்ளைக்கு 75 விழுக்காடு வருகை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆட்சி மாறியது; 2025 சூனில் ‘தல்லிகி வந்தனம்’ என்ற பெயரில் தாய்க்குப் பணம் போகும் திட்டம் மீண்டும் வந்தது. பிள்ளையின் வருகைப் பதிவைத் தாயின் வங்கிக் கணக்கோடு முடிச்சுப் போட்டுவிட்ட பிறகு, அந்தப் பதிவைத் தாய் பார்க்கக் கூடாது என்று சொல்வது எந்த ஊர் நீதி? இதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார், காப்பாளர் சட்டம் தந்தையை முதலில் வைத்து, தாயை அவருக்குப் ‘பின்’ வைத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல்தான், ‘பின்’ என்பது தந்தை இறந்த பின் என்று பொருள்படாது, தந்தை இல்லாதபோது தாயும் காப்பாளரே என்று உச்ச நீதிமன்றம் பொருள் கண்டது. இருந்தும் பல கல்லூரி விண்ணப்பங்களில் கைபேசி எண் எழுதும் இடம் தந்தைக்கு மட்டுமே இருக்கிறது. பணம் தாய்க்கு, செய்தி தந்தைக்கு!

இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம். என்னோடு இண்டர்மீடியட் படித்த ஒரு தோழி. கெட்டிக்காரி. அவள் வீட்டில் இருந்த கைபேசி அவளுடைய மாமாவின் பொறுப்பில் இருந்தது. கல்லூரியில் கொடுத்திருந்த எண்ணும் அதுவே. இரண்டு நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை என்று செய்தி போயிற்று. ஏன் வரவில்லை என்பது செய்தியில் இருக்காதல்லவா? உடல் நலமில்லாமல் விடுதித் தோழியின் அறையில் படுத்திருந்தாள் என்பதை யாரும் கேட்கவில்லை. சங்கராந்தி விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்பாமல் மணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை நாங்கள் பாடத்தில் படித்திருந்தோம். அவள் வீட்டார் பதினெட்டு நிரம்பும்வரை காத்திருந்து, நிரம்பிய மாதமே மணம் முடித்தனர். சட்டம் மீறப்படவில்லை. படிப்புத்தான் நின்றது.

மதிப்பெண்ணின் கதை இன்னும் கொடியது. 2019 ஏப்ரலில் அண்டை மாநிலமான தெலங்கானாவில் இண்டர்மீடியட் முடிவுகள் பிழைகளோடு வெளிவந்தன. தெலுங்கில் 99 மதிப்பெண் பெற்ற ஒரு மாணவிக்குச் சுழியம் என்று போட்டிருந்தது. அந்த முடிவுகளை அடுத்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2023 ஏப்ரலில் நம் மாநிலத்திலும் முடிவுகள் வந்த இரண்டொரு நாட்களுக்குள் பல வீடுகளில் அதே ஓலம் கேட்டது. அந்தப் பிள்ளைகளின் மனத்தில் என்ன இருந்தது என்று சொல்ல நான் யார்? ஆனால் முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் நடப்பதை நாம் அறிவோம். ஹால் டிக்கெட் எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தவர் எவரும் முடிவைப் பார்க்கலாம். பிள்ளை பார்க்கும் முன் சித்தப்பா பார்த்துவிடுகிறார். சித்தப்பா சொல்லும் முன் பக்கத்து வீடு கேட்டுவிடுகிறது. தன் தோல்வியைத் தானே முதலில் தெரிந்துகொள்ளும் ஒரு மணி நேரத் தனிமைகூட அப்பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த ஒரு மாணவியின் மரணம் பற்றிய வழக்கில், 2025 சூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்களுக்கு நெறிமுறைகள் வகுத்தது. மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பாகப் பிரிக்காதே, பலர் முன் இழிவுபடுத்தாதே என்றதோடு, பெற்றோருக்கும் அவ்வப்போது தெளிவூட்ட வேண்டும் என்றும் கூறியது. பயிற்சி நிலையங்களில் நடத்தும் தேர்வு முடிவுகளைப் பகிரங்கப்படுத்தலாகாது என்று ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் 2024 சனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இருக்கிறது. அவற்றைப் படித்துவிட்டுத் திருப்பதித் தெருக்களில் நடந்து பாருங்கள். சுவரெங்கும் பிள்ளைகளின் முகமும் மதிப்பெண்ணும் ஒட்டியிருக்கும். தாயிடம் காட்டலாமா கூடாதா என்று நாம் இங்கே தர்க்கித்துக்கொண்டிருக்கிறோம். ஊருக்கே காட்டி வணிகம் செய்கிறவர்கள் யாரிடமும் கேட்பதில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு நிரம்பாத மாணவரின் வருகையையும் மதிப்பெண்ணையும் பெற்றோர் பார்க்கலாம், பார்க்க வேண்டும். ஆனால் எதுவும் மாணவருக்குத் தெரியாமல் வீட்டுக்குப் போகலாகாது. ஒரு நாள் முன்னதாக மாணவரிடம் காட்டி, பிழை இருந்தால் திருத்தி, காரணம் இருந்தால் எழுதிச் சேர்த்து, அதன் பின் அனுப்பட்டும். என் வரிசை எண் குழப்பம் அந்த ஒரு நாளில் தீர்ந்திருக்கும். நைனாவின் கூலியும் மிஞ்சியிருக்கும். அன்றன்றைக்குச் செய்தி அனுப்பித் தந்தையைக் காவலராக்குவதைவிட மாதம் ஒருமுறை முழுக் கணக்கையும் அனுப்புவது நன்று. விடுதிக்கு வராமல் இரவில் காணாமல் போனால் உடனே சொல்லட்டும், அது பாதுகாப்பு. ஒரு பாட வேளைக்கு வராததை உடனுக்குடன் அறிவிப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

ஆற்றுப்படுத்தும் ஆலோசகரிடம் பிள்ளை மனம் விட்டுப் பேசியது இந்தக் கணக்கில் சேராது. அது வீட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் ஒரு பிள்ளையும் அந்த அறைக்குள் கால் வைக்காது. உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் எழுந்தால் மட்டும் ஆலோசகரே பெற்றோரை அழைத்துப் பேசட்டும்.

பதினெட்டுக்குப் பின்? சட்டப்படி ஏடு மாணவருடையது. தம் விடைத்தாளைத் தாமே கேட்டுப் பார்க்கும் உரிமையை 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தேர்வெழுதியவருக்கு உறுதி செய்தது. இன்னொருவருக்கு அதைக் காட்டுவதா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். “பணம் கட்டுகிறவர் நான்” என்று தந்தை சொல்வார். சொல்லட்டும், அந்த வழக்கைக் கல்லூரி எழுத்தரின் மேசையில் நடத்தாமல் வீட்டுத் திண்ணையில் நடத்துவதே முறை. இதில் நம் மாணவர்களுக்கும் ஒரு சொல். உரிமை வந்த மறுநாளே கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று தாளில் தவறியதை மூன்றாண்டு மறைத்து, பட்டம் வாங்கும் நாளில் தாயை அழ வைத்த அண்ணன்மார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது.

தமிழ் மாணவராகிய நமக்கென்று இதில் தனியாக ஒரு குறையும் உண்டு. நகரி, புத்தூர், குப்பம் பக்கங்களில் நம் பெற்றோர் பலருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றே. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிறந்தபோது அவர்கள் வீடு மாறவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. கல்லூரியிலிருந்து தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ வரும் எதையும் அவர்கள் பிறர் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ரீசார்ஜ் கடைப் பையன் படிக்கிறான். சில வீடுகளில் குற்றவாளியாகிய பிள்ளையே படித்துச் சொல்கிறான். “நல்லா படிக்கிறானாம்” என்று தன் மதிப்பெண்ணைத் தானே மொழிபெயர்த்த நண்பன் ஒருவன் எனக்கு உண்டு! இவ்விரண்டு வகையிலும் பெற்றோரின் உரிமை காகிதத்தோடு நிற்கிறது. முதல் வகையில் பிள்ளையின் மானமும் சேர்ந்து போகிறது. மேலும், நாடெங்கும் மாணவர்க்கு வழங்கப்படும் ‘அபார்’ என்னும் நிலையான கல்விக் கணக்கு எண்ணுக்குச் சிறாரின் பெற்றோரிடம் சம்மதப் படிவம் வாங்குகின்றனர். படிக்க முடியாத மொழியிலுள்ள தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “எதுக்கு?” என்று மகனைக் கேட்கும் தாய் எதற்குச் சம்மதித்தாள் என்று சொல்வது?

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வருகை, மதிப்பெண், கட்டணம், சம்மதம் என்று மாறி மாறி வருபவை மொத்தம் ஒரு பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களே. அவற்றை ஒருமுறை நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தால் கணினி நாளெல்லாம் அனுப்பும். விண்ணப்பத்தில் ‘எந்த மொழியில் செய்தி வேண்டும்’ என்று ஒரு கட்டம். தாயின் எண்ணுக்கு ஒரு கட்டம். அந்த வாக்கியங்களை எழுதித் தர நம் மன்றத்தில் ஆள் இல்லையா? வரும் பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். முதல் வாக்கியத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன்: “உங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை, நலமா என்று முதலில் அவனைக் கேளுங்கள்.” ‘வார்டு’ என்ற சொல் அதில் வராது. நைனாவிடம் படித்துக் காட்டினேன். “கடைசி வார்த்தை நல்லா இருக்குது, முதல்ல அதைப் போடு” என்றார்.